ஏ லெவல் பிரெஞ்சு இரண்டாம் தாள்: முதலில் அந்த வீட்டை வரையுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. ஏ கிரேடு. இரண்டாம் தாள்தான் என்னைத் தூக்கிவிட்டது. அதனால் ஏக்யூஏ என்ற பிரிட்டிஷ் தேர்வு போர்டில் பிரெஞ்சு எழுதப்போகிறவர்களுக்காக, குறிப்பாகப் படப் பட்டியலிலிருந்து பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 'லே கத்ர் சான் கூ'வை எடுத்திருப்பவர்களுக்காக இதைச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். 'தி 400 ப்ளோஸ்' என்றால் நம்மவர்கள் பலருக்கு உடனே தெரியும். நான் எழுதியது படத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டுரைகள். தாளின் மற்ற அமைப்பு உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் இந்தப் படம் வேண்டாம் என்றார். கறுப்பு வெள்ளை, பெரிதாகக் கதை இல்லை, நோட்ஸ் கிடைக்காது என்று காரணம் சொன்னார். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கதை குறைவாக இருப்பதுதான் இந்தத் தேர்வில் நமக்கு லாபம். கட்டுரை சுமார் 300 சொல்தான், கதை சொல்ல ஆரம்பித்தால் பாதி இடம் போய்விடும். அதோடு, பிடிக்காத படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க யாராலும் முடியாது. உங்களுக்குப் பிடித்த படத்தையே எடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரு தாளில், படத்தின் நாயகனான சிறுவன் அந்த்வானின் துவானெல் குடும்பம் வாழும் வீட்டை வரையுங்கள். கதவு, அதையொட்டி அந்த்வான் படுக்கும் குறுகலான நடை, சாப்பாட்டு மேசை, அடுப்பு, அம்மாவின் நிலைக்கண்ணாடி எல்லாம் அதில் வரட்டும். யார் எங்கே உட்காருகிறார், யார் எங்கே தூங்குகிறார் என்று குறியுங்கள். நான் இதைத்தான் செய்தேன். குடும்பம், அதிகாரம், சுதந்திரம், பாரிஸ் நகரம் என்று எந்தக் கேள்வி வந்தாலும் பதில் அந்தத் தாளுக்குள் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பையனுக்கு அறை கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் கடக்கும் வழியில்தான் அவன் படுக்கை. ராத்திரி நேரம் கழித்து வரும் அம்மா அவனைத் தாண்டித்தான் உள்ளே போகிறாள், அவன் தூங்குவதுபோல் கிடக்கிறான். அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை முழுக்க அவன் காதில் விழுகிறது. குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவதும் அவன் வேலைதான். இத்தனை நெருக்கடியான வீட்டை த்ரூஃபோவும் ஒளிப்பதிவாளர் ஆன்றி தெகாயெயும் அகலத்திரையில் எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு அகலமான சட்டகத்துக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தெருவுக்கு வந்ததும் கேமரா நகர ஆரம்பிக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை உதாரணத்தோடு எழுதினாலே படத்தைப் புரிந்து அலசுவதற்கான ஏஓ4-இன் 20 மதிப்பெண்ணில் நல்ல பங்கு வந்துவிடும்.

படம் போகப் போக இடம் இன்னும் சுருங்குகிறது. வீட்டு நடையிலிருந்து காவல் நிலைய அறைக்கு, அங்கிருந்து ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய கம்பிக் கூண்டுக்கு. பிறகு கம்பி போட்ட வண்டியில் இரவு பாரிஸ் வழியே கொண்டுபோகிறார்கள். அதுவரை அழாத பையன் அங்கேதான் அழுகிறான். தெரு விளக்குகள் அவன் முகத்தில் விழுந்து விழுந்து போகும். இந்தக் காட்சியை மட்டும் ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

நான் தயார் செய்த காட்சிகள்:

- பள்ளியிலிருந்து வந்ததும் அடுப்பில் கரி போட்டுவிட்டுக் கையைத் திரைச்சீலையில் துடைப்பான். அப்புறம் அம்மாவின் கண்ணாடி முன் உட்கார்ந்து அவள் வாசனைத் திரவியத்தை முகர்ந்து பார்ப்பான். வசனமே இல்லை. பாசம், ஏக்கம் பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது.
- 'எல் எ மோர்த்'. பள்ளிக்கு வராததற்கு அம்மா செத்துவிட்டதாகச் சொல்லும் இடம். முந்தின நாள்தான் அவளை வேறொருவரோடு தெருவில் பார்த்திருக்கிறான் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.
- அவனுக்குப் பிடித்த எழுத்தாளர் பால்ஸாக்கின் படத்துக்கு முன் ஏற்றிய மெழுகுவர்த்தி தீப்பிடிப்பது, அதே இரவு மூவரும் சினிமா பார்த்துவிட்டுக் காரில் சிரித்துக்கொண்டே வருவது.
- உளவியலாளருடன் பேச்சு. கேட்கிறவரின் குரல் மட்டும்தான் வரும், ஆள் தெரிய மாட்டார். 'ஓர் ஷான்' (சட்டகத்துக்கு வெளியே) என்ற கலைச்சொல்லை இங்கே பயன்படுத்துங்கள்.
- கடற்கரை. அந்த்வான் முகத்தில் படம் அப்படியே உறைந்து நிற்கும் கடைசிச் சட்டகம். எல்லாரும் எழுதுவார்கள் என்பதால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குக் கிடைக்கும் நோட்ஸ் எல்லாம் அவளைக் கெட்ட தாய் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகின்றன. ஓடிப்போய் ஒரு ராத்திரி வெளியே கழித்துவிட்டு வந்த பையனை அவள் குளிப்பாட்டித் துவட்டிப் படுக்க வைக்கிறாள். தன் சிறுவயது ரகசியங்களைச் சொல்கிறாள். பிரெஞ்சுக் கட்டுரையில் முதல் ஐந்துக்குள் வந்தால் 1000 பிராங்க் தருவதாக ஆசை காட்டுகிறாள். அது பாசமா, தெருவில் தன்னைப் பார்த்ததை அவன் சொல்லிவிடக் கூடாதே என்ற பயமா? இரண்டும்தான். இந்தப் பிள்ளையை வேண்டாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள், பாட்டிதான் தடுத்தாள் என்பது பின்னால் பையன் வாயாலேயே வருகிறது. அதைக் கேட்ட பிறகு குளிப்பாட்டும் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். அவள்மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வரும். அந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியது என் கட்டுரையின் பலம் என்றே நம்புகிறேன்.

த்ரூஃபோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதாதீர்கள். அவரும் பாட்டியிடம் வளர்ந்தவர், வளர்ப்புத் தந்தையால் காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டவர், ஆந்த்ரே பஸான் என்ற விமர்சகரால் மீட்கப்பட்டவர். படமும் பஸானுக்குத்தான் காணிக்கை. எல்லாம் உண்மை, எல்லாம் மனதைத் தொடுவது. ஆனால் கேள்வி படத்தைப் பற்றியது, ஒரு வாக்கியம் போதும். 1959 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது, நூவெல் வாக் என்ற பிரெஞ்சு சினிமாவின் புதிய அலை போன்றவையும் அப்படித்தான். உங்கள் வாதத்துக்கு உதவினால் மட்டும் உள்ளே விடுங்கள்.

மொழிக்கு ஏஓ3-இல் இன்னொரு 20. மேற்கோள்களை மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது, அதனால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள் நிறையச் சேர்க்கலாம். ஆனால் இவை கட்டாயம்:

- 'பியென் கெ'வுக்கு ('இருந்தாலும்' என்ற பொருள்) பின் சப்ஜங்டிவ் வினை வடிவம். ஒரு தடவையாவது வரட்டும், தப்பில்லாமல்.
- கதை நடப்பதை நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். இடையில் காலத்தை மாற்றாதீர்கள்.
- படக் கலைச்சொற்கள் நான்கைந்து போதும். சொல்லை எழுதினால் அது பார்ப்பவரிடம் என்ன செய்கிறது என்பதும் அதே வாக்கியத்தில் வரவேண்டும்.

தேர்வறையில் படக் கட்டுரையை முதலில் எழுதினேன், புத்தகத்தைப் பிறகு. தலை தெளிவாக இருக்கும்போது காட்சிகள் தானாக வரும். கொடுத்த இரண்டு கேள்விகளில் ஒன்று பாத்திரத்தைப் பற்றியும் மற்றது இயக்குநரின் உத்தி பற்றியும் இருந்தால் உத்தியையே எடுங்கள். பாத்திரக் கேள்வி கதை சொல்ல இழுத்துவிடும். பேனாவை எடுக்குமுன் விடைத்தாளின் ஓரத்தில் அந்த வீட்டைச் சிறியதாக வரைந்துகொள்ளுங்கள், முடித்ததும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டால் போதும்.