சுவரிலிருந்து அரை மில்லிமீட்டர்

கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் காற்றுச்சுரங்கத்தோடு நான் கழித்த ஆண்டுகளில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டர் இடத்துக்குள்ளேயே போயிற்று. சுரங்கத்தில் காற்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும். அலுமினியத் தகட்டை, அதாவது நாங்கள் 'சுவர்' என்று சொல்வதை, ஒட்டிய இடத்தில் வேகம் பூஜ்யம். இடையில் இருப்பது எல்லைப்படலம். 1904இல் ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில் சொன்னது. அதில் கொந்தளிப்பு, அதாவது வேகம் ஏறி இறங்குவது, உச்சத்துக்குப் போவது எங்கள் தகட்டில் சுமார் அரை மில்லிமீட்டர் உயரத்தில். கப்பலின் அடிப்புறமோ எண்ணெய்க் குழாயோ, உராய்வு பிறப்பது இப்படிச் சுவரை ஒட்டிய மெல்லிய இடத்தில்தான்.

அளப்பதற்கு 5 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு டங்ஸ்டன் கம்பி. மின்சாரத்தால் சூடேற்றுவோம், காற்று குளிர்விக்கும். சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம்.

முதல் அளவீட்டில் சுவரை நெருங்க நெருங்க வேகம் கூடியது. நடக்கவே முடியாத விஷயம். இரண்டு நாள் தூக்கம் போன பிறகுதான் புரிந்தது: கம்பியின் சூடு உலோகத் தகட்டுக்குள் இறங்குகிறது, கருவி அதையும் காற்றின் வேலை என்று கணக்கில் சேர்த்துவிடுகிறது. சுவருக்கு மிக அருகில் எடுத்த புள்ளிகளை எல்லாம் நீக்கினேன்.

கம்பி சுவரிலிருந்து சரியாக எவ்வளவு தூரம் என்பது அடுத்த கேள்வி. பட்டறை அண்ணன் தகட்டில் ஓரிடத்தை முகம் தெரியும்வரை மெருகேற்றிக் கொடுத்தார். உருப்பெருக்கியில் பார்த்தால் கம்பியும் அதன் பிம்பமும் இரண்டு கோடுகளாகத் தெரியும். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியில் பாதிதான் சுவருக்குள்ள தூரம். இரண்டு கோடும் ஒன்றையொன்று நெருங்கும்போது கை நடுங்கும்.

"மூச்ச அடக்கிக்கிட்டுத் திருகு தம்பி," என்பார் அண்ணன். அவர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். "எங்கம்மா பால்மரம் சீவுறப்ப உள்ள ஒரு மில்லிமீட்டர் பட்டைய விட்டுத்தான் சீவுவாங்க. கத்தி அதுக்கு மேல போனா மரத்துக்குக் காயம்."

அந்த மாதம் மூன்று கம்பிகள் அறுந்தன. நான்காவது நின்றது.

மாலை மழை பெய்தால் அறை குளிரும். ஒரு டிகிரி மாறினால் வேகக் கணக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பிசகும். அதனால் இரவில் அளந்தோம். அரை மில்லிமீட்டரில் கம்பியை நிறுத்தியதும் திரையில் வேகத்தைக் காட்டும் கோடு கொஞ்ச நேரம் தாழ்ந்தே ஓடியது. பிறகு சட்டென்று எகிறியது. மேலிருந்து வேகக் காற்று சுவரை நோக்கிப் பாயும் தருணம் அது.

"இதுக்குத்தானா தம்பி இவ்வளவும்?" என்றார் அண்ணன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"இதுக்குத்தாண்ணே."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.