டாமின் கீழ்த்தாடை

யாரைச் சந்தித்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பேன். முப்பத்தொரு வருடம் பல் மருத்துவராக இருந்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி. கல்யாணப் பந்தியில் எதிரே சிரிப்பவரின் கடைவாயில் சொத்தை தெரிந்தால் எனக்குப் பாயசம் இறங்காது. சிட்னியில் இருக்கும் மகன் சென்ற மாதம் தெற்கே ஈடன் என்ற துறைமுக ஊருக்குக் காரில் அழைத்துப்போனான். அங்கே அருங்காட்சியகத்தில் 6.7 மீட்டர் நீளமுள்ள ஓர்க்கா, அதாவது 'கொலைத் திமிங்கிலம்' என்று பெயரெடுத்த கடல் விலங்கின் எலும்புக்கூட்டை எல்லோரும் முழுதாகப் பார்த்து வியந்தார்கள். நான் தாடையருகே குனிந்துவிட்டேன்.

அதன் பெயர் ஓல்ட் டாம். டூஃபோல்ட் விரிகுடாவில் திமிங்கில வேட்டையாடிய டேவிட்சன் குடும்பத்துக்குக் கூட்டாளி. குளிர்காலத்தில் பெரிய திமிங்கிலம் வந்தால் ஓர்க்காக் கூட்டம் அதை விரிகுடாவுக்குள் மடக்கும். ஒன்றிரண்டு கரைப்பக்கம் வந்து வாலால் தண்ணீரை அறைந்து ஆட்களை எழுப்பும். படகுகள் போய் ஈட்டி எறியும். செத்த திமிங்கிலத்தை உடனே கரைக்கு இழுக்கக் கூடாது. நங்கூரம் போட்டு ஓரிரு நாள் அப்படியே விட வேண்டும். நாக்கும் உதடும் ஓர்க்காக்களுக்கு, கொழுப்பும் எலும்பும் மனிதர்களுக்கு. இதற்கு 'நாக்கின் சட்டம்' என்று பெயர். படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் பலர் அந்த மண்ணின் தாவா மக்கள். இறந்துபோன தங்கள் முன்னோர்தான் ஓர்க்காவாகத் திரும்பி வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சட்டம் டேவிட்சன்கள் வருவதற்கு முன்பே அவர்களுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டாமுக்கு ஒரு பழக்கம். ஈட்டிக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு இழுக்குமாம். அதனால் தேய்ந்தவை என்று அதன் பற்களைக் காட்டுகிறார்கள். எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தது என்றும் ஊர்க்கதை உண்டு. பல்லை நெடுக்காக அறுத்தால் உள்ளே மரத்தின் வளையம் போல அடுக்குகள் தெரியும். அதைவைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் ஏறக்குறைய 35 வயது என்றார்கள். வயதாக ஆக அடுக்குகள் நெருங்கி எண்ணிக்கை குறையக்கூடும், ஆகவே 35ஐ நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண்பதை நம்பவில்லை. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பார்கள்.

"எத்தனை பேரைக் கொன்றது, பாட்டி?" என்றான் பேரன். ஒருவரையும் இல்லை. கடலில் வாழும் ஓர்க்கா மனிதனைக் கொன்றதாக உறுதியான பதிவே கிடையாது. காட்சிக்காக அடைத்துவைக்கும் தொட்டியில் வேறு கதை. 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்ட திலிகும் என்ற ஒரே விலங்குடன் மூன்று மனித மரணங்கள் தொடர்புடையவை; கடைசியாக 2010இல் ஆர்லாண்டோவில் அதன் பயிற்சியாளர்.

எனக்கு அங்கேயும் பல்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் அடைபட்டிருந்த 29 ஓர்க்காக்களின் வாயை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. பல் சேதமில்லாத ஒன்றுகூட இல்லை. சிமென்ட் விளிம்பையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்து உடைந்த பற்கள். கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் பற்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் துளையிடப்பட்டிருந்தன. நாங்கள் ரூட் கெனால் செய்தால் துளையை அடைத்து மேலே கேப் போட்டு அனுப்புவோம். அங்கே துளையை அடைப்பதில்லை. திறந்தே வைத்துத் தினமும் மருந்துநீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். ஆயுள் முழுக்க. படித்த அன்று என் கிளினிக்கில் துளைக்கும் கருவியைக் கையில் எடுக்கவே கூசியது.

டாமின் வாயையும் மனிதன் விட்டுவைக்கவில்லை. 1920களில் ஒருநாள் ஜார்ஜ் டேவிட்சனும் லோகன் என்ற பண்ணைக்காரரும் படகில் போய் ஒரு சிறு திமிங்கிலத்தைக் கொன்றார்கள். புயல் வரும் போலிருந்தது. திமிங்கிலங்களும் அரிதாகிக்கொண்டிருந்த காலம். நங்கூரம் போடாமல் உடனே கரைக்கு இழுக்க லோகன் முனைந்தார். டாம் கயிற்றைக் கவ்வியது, விடவில்லை. இழுபறியில் பற்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன் என்று லோகன் அரற்றியதாக, உடனிருந்த அவர் மகள் பிற்காலத்தில் சொன்னாராம். பல் போன இடத்தில் சீழ் வைத்து, இரை பிடிக்க முடியாமல் பட்டினியால் செத்தது என்பது ஊர்ப் பேச்சு.

1930 செப்டம்பர் 17 அன்று டாமின் உடல் விரிகுடாவில் கிடைத்தது. எலும்புகளைச் சுத்தம்செய்து பாதுகாக்க முன்வந்து உதவியவர்களில் லோகனும் ஒருவர்.