பிசியோதெரபியிலிருந்து எர்கனாமிக்ஸுக்கு வந்த வழி

கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். ஓவர்லாக் தைப்பவர்களுக்குக் கழுத்தும் தோளும் வலிக்கும். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்குக் குதிகாலும் இடுப்பும். அயர்ன் மாஸ்டர்களுக்கு மணிக்கட்டு. சிகிச்சை கொடுப்போம், பயிற்சி சொல்லித் தருவோம், வலி குறையும். அப்புறம் அதே ஸ்டூலுக்குத் திரும்புவார்கள். அடுத்த பெரிய ஆர்டர் முடியும்போது அதே வலியோடு வருவார்கள். டெய்லர் அக்கா ஒருவர் சொன்னார்: "நீங்க சொன்ன எக்சர்சைஸ் எல்லாம் பண்றேனுங்க மேடம். ஒருநாள் கம்பெனிக்கு வந்து நான் உக்காந்திருக்கிற இடத்தைப் பாருங்க."

போனேன். முதுகு சாய எதுவும் இல்லாத ஸ்டூல். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே உயரத்தில் மெஷின் மேசை. ஊசி முனை தெரிய வேண்டும் என்றால் தலையைத் தாழ்த்தியே ஆக வேண்டும். வலது கால் பெடலில் இருப்பதால் உடம்பின் பாரம் முழுக்க இடது பக்கம் சாய்ந்திருந்தது. தைக்க வேண்டிய பண்டல் தரையோடு ஒட்டிய பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து, திரும்பி, எடுத்து, நிமிர்ந்து தைத்தார். நான் அரை மணி நேரம் கொடுக்கும் சிகிச்சையை அந்தப் பெட்டி ஒரே ஷிப்டில் அழித்துவிடும் என்று அங்கே நின்றபோது புரிந்தது. உடம்பைச் சரிசெய்யத் தெரிந்த எனக்கு அந்த இடத்தைச் சரிசெய்யத் தெரியவில்லை. அதைப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அந்தப் படிப்புக்குப் பெயர் எர்கனாமிக்ஸ். எர்கனாமிக் சேர் விளம்பரங்களைப் பார்த்து, இது நாற்காலி பற்றிய படிப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். மேசை உயரம், கை எட்டும் தூரம், வெளிச்சம், சத்தம், வெக்கை, கன்ட்ரோல் பேனலில் எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும், திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஓய்வு எப்போது வர வேண்டும் என வேலை செய்கிறவரின் உடம்பையும் கவனத்தையும் தொடுகிற எல்லாமே இதில் அடக்கம். தமிழில் பணிச்சூழலியல் என்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்கென்று பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் நேர்ப்பாதை அரிது. பெரும்பாலானவர்கள் வேறொன்றைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். உடலியங்கியல் வழியாக வருவது ஒன்று. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அதற்கு நீண்ட மரபு உண்டு. மெக்கானிக்கல் அல்லது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்து வருவது இன்னொன்று. மூன்றாவது டிசைன். நான் டிசைன் வழியைத் தேர்ந்தெடுத்தேன். வலிக்கான காரணத்தைச் சொல்ல பிசியோதெரபியே போதும். மாற்று மேசையை வரைந்து செய்து காட்டவும் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

ஐ.ஐ.டி.களில் டிசைன் முதுகலைப் படிப்பான எம்.டெஸ். சேர 'சீட்' எனப்படும் டிசைன் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது, தேர்வு ஜனவரியில் வரும். பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டுப் படிப்பு முடித்த யாரும் எழுதலாம் என்பதால் பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி. படித்த எனக்குத் தடை இல்லை. ஏ பகுதி கணினியில். அதில் தேறினால்தான் பி பகுதித் தாளைத் திருத்துவார்கள். பி பகுதியில் வரைய வேண்டும், யோசனையைப் படமாகச் சொல்ல வேண்டும். உடற்கூறியல் ரெக்கார்டு நோட்டுக்குப் பிறகு பென்சில் பிடிக்காத எனக்கு அதுதான் மலையாக இருந்தது. தினமும் கிளினிக் முடிந்ததும் ஒரு பக்கம் வரைந்தேன். பஸ்ஸில் நிற்கிறவர், பூக் கட்டுகிறவர், இளநீர் வெட்டுகிறவர் என வேலை செய்கிற உடம்புகளை மட்டுமே வரைந்தேன். எலும்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்று முன்பே தெரிந்திருந்தது நன்றாகக் கைகொடுத்தது. நேர்காணலுக்கும் அந்தப் படங்களையும் தையல் ஸ்டூல் அளவுகளையும்தான் கொண்டுபோனேன்.

குவாஹாத்தி ஐ.ஐ.டி.யில் டிசைன் துறையில் சேர்ந்தேன். அங்கே முதலில் கற்றது அளவெடுப்பது. உட்கார்ந்த நிலையில் முழங்கை எவ்வளவு உயரம், முழங்கால் மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், தொடையின் தடிமன் எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் அளந்தோம். ஏன் இவ்வளவு அளவு, சராசரியை வைத்துச் செய்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. கில்பர்ட் டேனியல்ஸ் செய்த ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. 1950இல் அமெரிக்க விமானப் படையில் 4063 பேரை அளந்தார்கள். விமானி அறைக்குத் தேவையான பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருந்தவர் எத்தனை பேர் என்று டேனியல்ஸ் கணக்கெடுத்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி ஆளுக்காகச் செய்த இருக்கை யாருக்கும் பொருந்தாத இருக்கை.

அதனால்தான் சதமானங்களை, அதாவது நூற்றில் எத்தனை பேர் ஓர் அளவுக்குக் கீழே இருக்கிறார்கள் என்ற கணக்கை, வைத்து வேலை செய்கிறோம். உயரத்தை மாற்ற முடியாத ஸ்டூல் என்றால், முழங்கால் மடிப்பு உயரம் மிகக் குறைந்தவர்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்குக் கால் தரையில் ஊன்றாது. மேசைக்கு அடியில் விட வேண்டிய இடைவெளிக்குத் தொடை தடித்தவர்களின் அளவு வேண்டும். எட்டிப் பிடிக்கும் தூரத்துக்குக் கை நீளம் குறைந்தவரின் அளவு. இதற்கெல்லாம் நம் ஆட்களின் அளவு வேண்டும். தேப்குமார் சக்ரபர்த்தி தொகுத்து 1997இல் அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனம் (என்.ஐ.டி.) வெளியிட்ட இந்திய உடலளவுத் தொகுப்பு அப்போது என் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை.

அடுத்து, ஒரு வேலை உடம்புக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும் மதிப்பீட்டு முறைகள். கை, தோள், கழுத்து வேலைகளுக்கு ரூலா என்ற முறை. 1993இல் வந்தது, 1 முதல் 7 வரை மதிப்பெண், கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று பொருள். முழு உடம்பும் சம்பந்தப்பட்டால் 2000இல் வந்த ரீபா. இவற்றை யாரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். எனக்கு மிகப் பிடித்தது, தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையாஷின் தூக்கும் சமன்பாடு. அது ஏன் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

பேக்கிங் பிரிவில் 18 கிலோ அட்டைப்பெட்டி. கைப்பிடி தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். உடம்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தூக்கி, 45 டிகிரி திரும்பி, 75 செ.மீ. உயர மேசையில் வைக்க வேண்டும். எல்லாம் ஒத்துவரும்போது சமன்பாடு அனுமதிக்கும் எடை 23 கிலோ. தூரத்துக்கு 0.625, ஆரம்ப உயரத்துக்கு 0.82, ஏற்றும் உயரத்துக்கு 0.895, திருப்பத்துக்கு 0.856 என்று பெருக்கிக்கொண்டே போனால் 9 கிலோதான் நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை முறை தூக்குகிறார், பிடி எப்படி என்பதைச் சேர்த்தால் இன்னும் குறையும். அதாவது அந்தத் தொழிலாளி இரண்டு மடங்குக்கும் மேல் சுமக்கிறார். இப்போது பெட்டியை ஒரு மேடை மேல் வைத்து, கைப்பிடியை 75 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்து, மேசையை நேர் எதிரே நகர்த்தி, தூரத்தை 30 செ.மீ. ஆக்குங்கள். அதே காரணிகளை வைத்து அனுமதி எடை 19 கிலோவைத் தாண்டும். பெட்டி அதே 18 கிலோதான். "பலமான ஆளாகப் போடுங்கள்" என்று சொல்லும் மேனேஜரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் பேச்சே மாறிவிடும்.

படிப்பு முடிந்து முதல் வேலை சென்னைப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். வேலையின் பெரும்பகுதி பார்ப்பதுதான். பக்கவாட்டில் நின்று வீடியோ எடுப்பேன். முன்னால் நின்று எடுத்தால் முதுகு வளைவது தெரியாது. பிறகு உடம்புப் படத்தைக் காட்டி எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். அதற்கு முன்பே என் கண் தேடுவது ஒன்று உண்டு: தொழிலாளி தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஸ்டூல் மேல் மடித்துப் போட்ட கட்பீஸ், காலுக்கடியில் செங்கல், வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் ஒட்டிய அட்டை. எந்தக் கருவியும் சொல்லாததை அவை சொல்லும். மேசை எவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதை அந்தச் செங்கல் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறது.

திரும்பவும் கொங்குப் பக்கம் வந்தபோது ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளை ஆய்வுக்கு எடுத்தோம். ஷிப்ட் முழுக்க நின்றபடி, தட்டையான மேசையைக் குனிந்து பார்க்கும் வேலை. மேசையைச் சாய்வாக்கி, காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு கட்டையும், சாய்ந்து உட்கார உயரமான ஸ்டூலும் போடச் சொன்னேன். சூப்பர்வைசர், "உக்கார விட்டா வேலை ஓடாதுங்க மேடம்" என்றார். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று சொல்லியிருந்தது. கடை ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்திருந்தது. இரண்டையும் சொன்னேன். ஆனால் அவர் மனம் மாறியது சட்டத்தால் இல்லை. ஒரே ஒரு டேபிளில் சோதனைக்கு விட்டார். மாலை நேரத்தில் தவறவிடும் டேமேஜ் பீஸ்கள் அந்த டேபிளில் குறைவதை அவரே எண்ணிப் பார்த்தார். மற்ற டேபிள்களுக்கும் அவரே கேட்டு வாங்கினார். தொழிலாளியின் உடம்புக்காக இதைச் செய்யுங்கள் என்று சொல்லவே எனக்கு ஆசை. அது போதாத இடங்களில் தரம், உற்பத்தி என்ற மொழியிலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரின் நேரக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஜூனியர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் நாட்டில் டாக்டர்களுக்கு இருப்பதுபோல் எர்கனாமிஸ்டுகளுக்குப் பதிவு கவுன்சில் கிடையாது. அதனால் சான்றிதழ் கேட்கும் நிறுவனங்கள், குறிப்பாகப் பன்னாட்டு நிறுவனங்கள், எர்கனாமிஸ்டுகளுக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் பி.சி.பி.இ. வாரியம் தரும் சி.பி.இ. பட்டத்தை மதிக்கின்றன. அதற்குப் பட்டப்படிப்பு, எர்கனாமிக்ஸ் பாடங்கள், 3 ஆண்டு முழுநேர அனுபவம், தேர்வு எல்லாம் வேண்டும். முதல் வேலையிலிருந்தே ஒவ்வொரு பிராஜெக்டிலும் என்ன செய்தோம் என்று தேதியோடு எழுதி வைத்தால் விண்ணப்பிக்கும்போது சிரமம் இல்லை. இந்திய எர்கனாமிக்ஸ் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு மாணவராக இருக்கும்போதே போய்விடுங்கள். வேலை வாய்ப்புகள் அங்கே வாய்வழியாகத்தான் நிறைய வருகின்றன.

பிசியோ படிக்கிறவர்கள் பிசியோவிலேயே முதுகலையான எம்.பி.டி.யா எம்.டெஸ்.ஸா என்று கேட்டால், முதலில் உங்களிடம் வரும் ஒரு நோயாளியின் வேலை இடத்தைப் பார்க்க அனுமதி வாங்குங்கள் என்கிறேன். அனுமதியை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் அந்தத் தொழிலாளியிடமும் தனியாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கேமராவை எடுக்காதீர்கள். பென்சிலால் வரைந்துகொள்ளலாம், டேப்பால் மேசையை அளக்கலாம், அதற்கே ஒரு பகல் போய்விடும்.