ஹைடாடிட் கட்டி: வடசென்னை ஓ.பி. குறிப்புகள்

ஜூன் 3

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரலில் நீர்க்கட்டி' என்று இருந்தாலே பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது சாதாரண நீர்க்கட்டிதான். ஹைடாடிட் (நாயின் நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டி) என்றால் சுவரில் இரட்டைக் கோடு தெரியும். ஆளைப் புரட்டிப் படுக்க வைத்தால் அடியில் தங்கிய துகள்கள் கிளம்பி, மினுக்கிக்கொண்டே மறுபடி இறங்கும். அவசரத்தில் ஸ்கேன் எடுப்பவர்கள் ஆளைப் புரட்டுவதே இல்லை.

எலிசா (ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் டெஸ்ட்) நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது, முக்கியமாக நுரையீரல் கட்டியில். ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை கூடாமலும் இருக்கும்.

கட்டி பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும்; பிறகு வலது விலாவுக்குக் கீழே கனம். பித்தக் குழாய்க்குள் உடைந்தால் சுருட்டும் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை. நுரையீரலில் உடைந்தால் உப்புக்கரிக்கும் தண்ணீரோடு திராட்சைத் தோல் மாதிரிச் சவ்வு இருமலில் வரும்.

ஜூன் 6

புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கத்து ஆட்கள் கேட்பது, "மட்டன் சாப்பிட்டதால வந்துச்சா?" இல்லை. கட்டியுள்ள ஆட்டு ஈரலை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். நாய் மலத்தில் வரும் முட்டை கை, கீரை, தண்ணீர் வழியாக நம் வாய்க்குப் போகிறது. கழிவு ஈரலை நாய்க்கு வீசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஜூன் 11

ஆல்பெண்டசோல் (புழுவைக் கொல்லும் மாத்திரை): ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 60 கிலோ ஆளுக்குக் காலை 400, இரவு 400, இடைவெளி விடாமல் 3 முதல் 6 மாதம். மருந்துக் கடையில் "பூச்சி மாத்திரைதானே, ஒண்ணு போதும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். சீட்டில் மாதக் கணக்கைப் பெரிதாக எழுத வேண்டியிருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக ரத்தத்தில் ஏறாது. எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டோடுதான் போட வேண்டும். முதலில் 2 வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் என்சைமும் வெள்ளணுவும் பார்க்கணும்: என்சைம் ஏறலாம், வெள்ளணு இறங்கலாம், முடியும் கொட்டலாம். பெண்களுக்குக் கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகே ஆரம்பம்.

ஜூன் 17

எந்த நிலை என்று பார்க்காமல் ஊசி எடுக்கக் கூடாது. ஒரே அறை, அல்லது உள்சவ்வு கழன்ற கட்டி: 5 செ.மீ.க்குக் கீழே மாத்திரை மட்டும். மேலே போனால் மாத்திரையோடு 'பேர்' முறை (PAIR: ஊசியால் குத்தி, தண்ணீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் மருந்து செலுத்தி, மறுபடி உறிஞ்சுவது). குட்டிக் கட்டிகள் நிறைந்தது சர்ஜரிக்கு. கெட்டியாகி, சுண்ணாம்பு படிந்ததைத் தொடவே வேண்டாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

'பேர்' செய்யும்போது ஊசி கல்லீரல் திசு வழியாகப் போகணும். நேரே வயிற்றறைக்குள் கசிந்தால் அங்கங்கே புதுக் கட்டி முளைக்கும். உறிஞ்சிய தண்ணீர் நிறமற்றுத் தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளாக வந்தால் பித்தக் குழாயோடு தொடர்பு. அங்கேயே நிறுத்தணும், மருந்து செலுத்தினால் குழாய்கள் கருகிச் சுருங்கிவிடும். தெளிவாக இருந்தால் 20% உப்புக் கரைசல், 10 முதல் 15 நிமிடம் வைத்து மறுபடி உறிஞ்சுவது. கட்டித் தண்ணீர் கசிந்து திடீர் அலர்ஜி வந்தால் போட, அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றிக் கையெட்டும் தூரத்தில்: பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில்.

நுரையீரல் கட்டிக்கு 'பேர்' கிடையாது. சர்ஜரிக்கு முன்னால் அங்கே ஆல்பெண்டசோலும் யோசித்துத்தான். சுவர் நொய்ந்து உடையலாம்.

ஜூன் 18

சர்ஜரி முடிந்தவர்களும் ஸ்கேனுக்கு வரணும்: 6 மாதத்துக்கு ஒன்று, 2 வருஷம், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. வலி இல்லை என்று பலர் முதல் ஸ்கேனோடு நின்றுவிடுகிறார்கள்.