கள்ளர்வெட்டு மண்

அத்தை வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா சிவப்பு மண் இருக்கும். வருஷா வருஷம் கற்குவேல் ஐயனார் கோயில் கள்ளர்வெட்டுத் திருவிழாவில் அள்ளிவந்து மாற்றுவார். இந்தக் கார்த்திகைக் கடைசியில் முட்டுவலி படுத்திவிட்டது. "நீ போய் அள்ளிட்டு வால" என்று என்னை அனுப்பிவிட்டார்.

காயாமொழி தாண்டியதும் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. திருச்செந்தூர்க் கடற்கரையில் வெளிர் மணல். கொஞ்சம் உள்ளே வந்தால் குங்குமத்தைக் கொட்டிவைத்ததுபோல் மேடு மேடாகத் தேரி, அதாவது செம்மணல் குன்று. நடுநடுவே பனை, உடைமரம், முந்திரி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டடி வைத்தால் மணல் ஓரடி பின்னால் இழுத்தது.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் ஐயனாரைக் கும்பிட்டுவிட்டு நிழலில் ஒதுங்கினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கதை சொன்னார். செய்யாத மாங்கனித் திருட்டுக்காக அரசன் ஒரு பெண்ணைக் கொன்றானாம். அவள் சாபத்தில் மண்மாரி பெய்து ஊரே மூடிப்போனதாம்.

இந்தச் செம்மண் எப்படி வந்தது என்பதில் புவியியலாளர்களுக்குள்ளும் வழக்கு தீரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரச் செம்மண்ணைத் தென்மேற்குக் காற்று வாரிக்கொண்டு வந்தது என்பது ஒரு கட்சி. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் வெளியே கிடந்த கடல்மணல்தான் காற்றில் ஏறி மேடாகி, அப்புறம் இங்கேயே சிவந்தது என்பது இன்னொரு கட்சி. மணல்துகளைச் சுற்றியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. அதில் மட்டும் தகராறில்லை. இங்கே மனிதர் நடமாட்டமும் பழையது. தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்ச்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள்.

எந்தக் கட்சியானாலும், பெரியவர் கதையானாலும், மண் வந்தது காற்று வழியாகத்தான். ஆடிக் காற்றின் வீச்சைப் பார்த்த யாரோ கட்டிய கதையாக இருக்கலாம் என்றேன்.

"அப்ப சாபம் பொய்யாடே?"

வாயை மூடிக்கொண்டேன்.

சரி, வெட்டுக்கு நேரமாகிவிட்டது. கூட்டம் கோயிலுக்குப் பின்னால் தேரிக்கு நகர்ந்தது. கள்ளனை வெட்டுவதாகச் சடங்கு; அவன் தலைக்குப் பதில் இளநீர். அரிவாள் இறங்கியதை நான் பார்க்கவேயில்லை. முன்னால் முழுக்கத் தலைகள். ஒரு சத்தம், அவ்வளவுதான். இளநீர் சிதறிய மண்ணுக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். என் முழங்காலை யாரோ மிதித்தார்கள். கைக்கு அகப்பட்டதை மஞ்சள்பையில் போட்டேன். வெளியே வந்து தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை.

அத்தை பழைய மண்ணைத் தென்னை மூட்டில் கொட்டிவிட்டுப் புதியதை டப்பாவில் நிரப்பினார்.

"நனைஞ்ச மண்ணுதானே?"

"ஆமா அத்தை" என்றேன்.