அக்குள் ஒழுகல் தீர்ந்தது, தையல் மூடும் ரேப்பால் அல்ல

நோர்வேயின் ஹர்டங்கர்விடா மேட்டுநிலத்துக்கென்று தைக்கும் ஸ்கீ ஜக்கெற்றின் அக்குள் ஒருவழியாக ஒழுகாமல் நிற்கிறது. மணிக்கட்டு வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தோள் பக்கத்தால் தண்ணீர் ஊற்றி, குளியல் தொட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இஞ்சாருங்கோ, ஜக்கெற்றுக்கோ குளிக்க வாக்கிறியள்?" என்று மனிசி எட்டிப் பார்த்தா. ஒரு சொட்டும் விழவில்லை. கொஞ்சம் பெருமையடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சீலை வழமையான மூன்றடுக்கு: வெளியே நைலோன், நடுவே தண்ணீர் புகாத சவ்வு, உள்ளே மெல்லிய பின்னல். வெட்டு, ஊசி, நூல் பற்றியெல்லாம் இங்கே சொல்லத் தேவையில்லை. வில்லங்கம் முழுக்க அக்குளில். தடி ஊன்றிப் போகும்போது கை முன்னால் நெஞ்சுக்கு மேலே எழும்பி, பின்னால் இடுப்பைத் தாண்டிப் போகும். அக்குளில் சாய்சதுரத் துண்டு வைக்காவிட்டால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஜக்கெற்றின் கீழ்விளிம்பும் சேர்ந்து ஏறும், இடுப்புக்குள் காற்றுப் புகும். துண்டை வைத்தாலோ அதன் மூலைகளில் தையலும் தையலும் சந்திக்கும். தையல் துளைகளை மூட உள்பக்கம் சூடாக்கி ஒட்டும் பசைப்பட்டிதான் ரேப். மூலையில் ரேப்புக்கு மேல் ரேப்.

நேர்த்தையலில் 22 மி.மீ. ரேப் ஒரு வம்பும் பண்ணாது. மூலையில்தான் சீலை மடிப்பு மேல் மடிப்பாகத் தடித்து ஒரு படி விழுகிறது. ரேப் அந்தப் படியில் இறங்காமல் பாலம் போட்டு நிற்கும். பாலத்துக்கு அடியில் மயிரளவு ஓட்டை, தண்ணீருக்கு அது போதும். சூட்டைக் கூட்டினால் வெளி நைலோன் பளபளத்துப் பழுதாகும். குறைத்தால் பசை உள்பின்னலுக்குள் இறங்காது. வீட்டு அயனின் சூடு ஒரு நிலையில் நிற்பதும் இல்லை, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் சூடான காற்றால் பசையை உருக்கி, உடனேயே உருளைகளுக்கு இடையில் அழுத்தி விடுகிறார்கள். நம்மிடம் இருப்பது அயனும் பேக்கிங் பேப்பரும் மரக்கட்டையும். அந்தக் கட்டைதான் உண்மையில் வேலை செய்தது: அயனை எடுத்த கையோடு கட்டையை வைத்து, சூடு ஆறும்வரை முழுப் பாரத்தையும் கொடுக்க வேண்டும். ஆறும்போது அழுத்தம் இல்லாவிட்டால் பசை பிடிக்காது. அப்படி அழுத்தி ஒட்டினாலும் சில தோய்ப்புக்குப் பிறகு மூலை மட்டும் கிளம்பிவிடும். மேலே வட்டத் துண்டு ஒட்டினால் அந்த வட்டமும் கிளம்பும்.

ஆர்க்டிக் பழங்குடியான இனுயிட் பெண்கள் ரேப் இல்லாமலே இதைத் தீர்த்துவிட்டார்கள். கடல்நாய்த் தோல் சப்பாத்துத் தைக்கும்போது ஊசி தோலின் பாதித் தடிப்பில் மட்டும் போய் வரும், மறுபக்கம் துளையே விழாது. விலங்கின் தசைநாணில் எடுத்த நூல் நனைந்ததும் ஊதி, இருக்கிற துளையையும் அடைத்துவிடும். நைலோனில் அந்தப் பாதித் தடிப்புக்கு இடமில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பொறாமைதான்.

கடைசியில் மூலையையே ஒழித்துவிட்டேன். கையின் அடித்தையல், உடம்பின் பக்கத்தையல் இரண்டையும் தூக்கிவிட்டு, மணிக்கட்டிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே துண்டு. அதன் இரண்டு பக்கத் தையலும் அக்குளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக வளைந்து போகும், எங்கும் சந்திக்காது. துண்டு வளைவாக இருப்பதால் சீலை கூடுதலாகத் தின்னும். வளைவில் அகல ரேப்பின் உள்விளிம்பு சுருங்கும், அந்த இடத்துக்கு ஒடுங்கிய ரேப் வேண்டும். வளைவை எவ்வளவு தாராளமாக எடுக்கிறீர்களோ அவ்வளவுக்குத் தலையிடி குறையும்.

கடுங்குளிருக்குச் சவ்வே தேவையில்லை, நெருக்கமாக நெய்த பருத்தி போதும் என்பவர்களோடு பாதி உடன்படுகிறேன். -10 பாகைக்குக் கீழே பனி மாவாக உதிரும், நனைக்காது. சுழியத்தை ஒட்டிய ஈரப்பனிதான் எமன். 1896 இல் இதே மேட்டுநிலத்தில், பிறகு தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சனைச் சுற்றி ஈரப்பனி இரவோடிரவாக உறைந்து இறுகிவிட்டது. அண்ணன் லியோன் தோண்டித்தான் வெளியே எடுத்தார்.

ரேப் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: மூன்றடுக்குக்கென்று முதுகில் பின்னல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கடை எனக்கு உள்பின்னல் இல்லாத இரண்டரை அடுக்குச் சீலைக்கான வழுவழுப்பான ரேப்பை அனுப்பிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று பதிலும் எழுதியது. ஒன்றில்லை. உள்பின்னலில் அது பிடிக்கவே பிடிக்காது. ஜெர்மனியிலிருந்து எடுப்பித்தால் இங்கே நோர்வேயில் 25% வரியும் சேரும், அனுப்புகூலியாவது ஒருமுறையோடு போகச் சீலை, சிப், ரேப் எல்லாவற்றையும் ஒரே பொதியில் எடுப்பது புத்தி.

தலைமூடி இன்னும் வெட்டவில்லை. நடுவே ஒரு பட்டி, பக்கத்துக்கு ஒரு துண்டு என்று போட்டால் அங்கேயும் தையல் சந்திக்காது. சிப் இழுவைக்கு நீளக் கயிறும் போட வேண்டும், தடித்த கையுறையோடு பிடிக்கத் தக்கதாக. ஆனால் மனம் ஏற்கெனவே மேலுறைக் கையுறைக்குத் தாவிவிட்டது, மிச்சச் சீலையும் அதற்கு அளவாக இருக்கிறது. பெருவிரல் அடியில் மூன்று தையல் ஒரு புள்ளியில் கூடுகிறது. அந்தப் புள்ளி இல்லாத பற்றன் (வெட்டுமாதிரி) யாரிடமாவது இருந்தால், வெட்டுவதற்கு முன் சொல்லுங்கோ.