ஐந்து ரவுண்டு, ஒரு மாதம்

ஜூன் 2, 2025

ஆறு வருஷத்துக்கு அப்புறம் சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ. மதியம் பெருங்குடி ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து ரெக்ரூட்டரிடம் பேசினேன். இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா பண்ணிய பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்). 90 நாள் என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முன்னாடி விடுவாங்களா?" என்றார். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மனசு வரவில்லை. எத்தனை ரவுண்டு, எதில் என்ன கேட்பார்கள் என்று நானே கேட்டேன். ஆன்லைன் டெஸ்ட், கோடிங், சிஸ்டம் டிசைன், மேனேஜர், எச்ஆர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். கேட்டால் சொல்கிறார்கள்; கேட்கத் தயங்கவே வேண்டாம்.

ஜூன் 5

ஆன்லைன் டெஸ்ட். 90 நிமிடம், இரண்டு கணக்கு. இரண்டாவதில் அவர்கள் கொடுத்த மாதிரி உள்ளீடுகள் எல்லாம் பாஸ். சப்மிட் பண்ணினால் 'டைம் லிமிட்', அதாவது நேரம் தாண்டிவிட்டது என்று சிவப்பாக வந்து நின்றது. கணக்கின் அடியில் சின்ன எழுத்தில், உள்ளீடு 1 லட்சம் வரை வரும் என்று போட்டிருந்தது. நான் எழுதியதோ லூப்புக்குள் லூப்: ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தையும் திரும்ப ஓட்டுவது. 1 லட்சத்தை 1 லட்சத்தால் பெருக்கினால் 1000 கோடி தடவை ஓட வேண்டும், எப்படி முடியும்? உள் லூப்பை எடுத்துவிட்டு, தேடுவதை நேராக எடுத்துத் தரும் ஹேஷ்மேப் போட்டதும் ஓடியது. இனி அந்த அடி வரியைப் படிக்காமல் கீபோர்டைத் தொடுவதில்லை.

ஜூன் 9

இது வேறொரு கம்பெனி. எல்ஆர்யூ கேஷ் எழுதச் சொன்னார்கள்; இடம் நிரம்பினால் ரொம்ப நேரம் தொடாததை முதலில் தூக்கிப்போடும் தற்காலிகச் சேமிப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்தது: ஒரு ஹேஷ்மேப், ஒரு டபுளி லிங்க்டு லிஸ்ட் (முன்னும் பின்னும் கோத்த பட்டியல்). ஆனால் தலையைக் குனிந்துகொண்டு முக்கால் மணி நேரம் வாயே திறக்காமல் அடித்துக்கொண்டிருந்தேன். கோட் பெரும்பாலும் சரிதான். சாயங்காலமே 'வருந்துகிறோம்' மெயில்.

டீ குடிக்கும்போது டீம் அக்காவிடம் சொன்னேன். அவங்க எங்க ஆபீஸில் நிறைய இன்டர்வியூ எடுப்பவங்க. "தம்பி, முடிஞ்சதும் நான் ஒரு ஃபார்ம் நிரப்பணும். ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தான், வேற என்ன யோசிச்சான், இடிச்ச இடத்துல என்ன பண்ணினான்னு. நீ பேசவே இல்லேன்னா அதுல நான் என்னப்பா எழுதறது?"

ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் பரிட்சைக்குப் படிப்பது போலத்தான் தயாராகியிருக்கிறேன். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

ஜூன் 14

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் கோட். எழுதும் ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே. ரூம்மேட் ஹெட்போன் மாட்டிக்கொண்டான். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச்சில் நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு முனையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியைச் சொல்லும்போதே நாக்கு நின்றது: கூட்டுத்தொகை, சாதாரண 32 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டினால்? ஜாவா மொழியின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை வருஷக்கணக்காகக் கிடந்ததை, அந்த நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் 2006-ல் எழுதினார். மௌனமாக எழுதும்போது நான் ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை.

ஜூன் 18

ஆன்லைன் டெஸ்ட் வைத்த கம்பெனியின் கோடிங் ரவுண்டு. மீட்டிங் நேரங்கள் கொடுத்து எத்தனை அறை வேண்டும் என்று இன்டர்வியூ எடுத்தவர் கேட்டார். "சார், ஒண்ணு 10 மணிக்கு முடிஞ்சு இன்னொண்ணு 10 மணிக்கே ஆரம்பிச்சா ஒரே ரூம் போதுமா?" "போதும்னு வச்சுக்கோங்க." கேட்காமல் விட்டிருந்தால் அந்த ஒப்பீட்டுக் குறியைத் தப்பாகப் போட்டிருப்பேன். நடுவில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மாட்டிய இடத்தை வாய்விட்டுச் சொன்னதால்தான் அவர் கைகொடுக்க முடிந்தது.

ஜூன் 20

சிஸ்டம் டிசைன்: நீள லிங்க்கைச் சுருக்கும் சர்வீஸ். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்று 62 குறி, 7 இடம் என்றால் ஏறக்குறைய 3.5 லட்சம் கோடி லிங்க். அது சுலபம். சுருக்கிய லிங்க்கிலிருந்து அசல் பக்கத்துக்குத் திருப்பிவிட 301-ஆ (நிரந்தரம்) 302-ஆ (தற்காலிகம்) என்பதில்தான் பேச்சு நீண்டது. 301 கொடுத்தால் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை நம் சர்வருக்கு வராமலே போய்விடலாம். கிளிக் கணக்கு வேண்டுமென்றால் 302. கணக்கு வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 24

மேனேஜர். "நீங்க உடைச்ச ஒண்ணைச் சொல்லுங்க." போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்த டேபிளுக்கு, பதிவுகளைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும் 'கன்கரன்ட்லி' என்ற வார்த்தையைப் போடாமல், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் சேர்த்து, 40 நிமிடம் ஒரு ஆர்டரும் பதிவாகாமல் நின்றதைச் சொன்னேன். என் தப்பு என்றே சொன்னேன்.

ஜூன் 30

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா மெயில் அனுப்பினேன். சிடிசி (எனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) தொகையில் கம்பெனி பங்கு பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்திருந்தார்கள். மாதம் கையில் வருவதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கினேன். கடைசி நாள் செப்டம்பர் 28. வெரிஃபிகேஷனுக்கு நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் வேண்டுமாம். அது திருநெல்வேலி வீட்டில். அம்மா வீடியோ காலில் பீரோவைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.